பொந்துப் பெட்டிக்கு ஒரு வாரிசு

கோணக்கரையில் புதையல் சங்கம் என்று ஒன்று இருந்தது. உறுப்பினர்கள் மூன்று பேர். மூன்று தலைகளையும் ஒன்றாகக் கட்டிக் குலுக்கினாலும் உள்ளே ஏதும் இருப்பதாகச் சத்தம் வராது.

விளையாட்டு என்னவோ எளிதுதான். ஓரிடத்தில் சின்னப் பெட்டி ஒன்றை ஒளித்து வைத்து, அந்த இடத்தின் வரைபடப் புள்ளியை இணையத்தில் போட்டுவிட வேண்டும். எங்கெங்கிருந்தோ ஆட்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டே வந்து தேடுவார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கும் நோட்டில் பெயரெழுதி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள்.

சங்கத்தில் பெட்டி வைத்திருந்தவன் தவசிலிங்கம் ஒருவன்தான். விதைப் பண்ணையில் குமாஸ்தா. வாய்க்கால் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் ஒரு பொந்து, அதற்குள் ஓர் எவர்சில்வர் டப்பா. ஐந்து வருடத்தில் இருநூற்றுப் பதினான்கு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பெல்ஜியத்திலிருந்து வந்த ஒரு பெண்மணிகூட கால்மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். தினமும் அதே பாலத்தின் மேல் நடக்கிற சங்கத் தலைவர் அம்பலவாணனும் ஜெராக்ஸ் கடை இருதயராஜும் மட்டும் இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இந்த நேரத்தில் தவசிக்குத் திண்டிவனத்துக்கு மாற்றல் வந்தது. திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் வேலை நிலைக்காது. தவசிக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. பெட்டி அநாதையாகிவிடுமே என்றுதான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

சங்கம் கூடியது. இருதயராஜ் விளையாட்டின் விதிகளைப் பிரதி எடுத்துக்கொண்டு வந்திருந்தான். ஊரை விட்டுப் போகிறவர் பெட்டியை உள்ளூர்க்காரர் ஒருவரிடம் ஒப்படைக்கலாம். இல்லையென்றால் பெட்டியை எடுத்துவிட்டு, இடத்தை முன்பிருந்தபடியே விட்டுச் செல்ல வேண்டும்.

"எடுத்துரலாம், வம்பே இல்ல" என்றார் அம்பலவாணன். "முன்ன அந்த எடம் எப்படி இருந்துச்சு?"

தவசி யோசித்தான். "பொந்துக்குள்ள ஒரு தேள் இருந்துச்சுண்ணே. அத வெரட்டிட்டுத்தான் டப்பாவ வெச்சேன்."

"அப்ப ஒரு தேள் வேணும்."

"வேற தேள் போதுமா, அதே தேள்தான் வேணுமா?" என்று கேட்டான் இருதயராஜ்.

"முன்பிருந்தபடியேன்னு தெளிவா போட்டிருக்கே. அதே தேள்தான்."

"அது இப்ப எங்க குடும்பம் குட்டியோட இருக்கோ! கூப்ட்டா வருமாண்ணே?" என்று தவசி கண் கலங்கினான்.

பொந்து என்று தவசி உளறியதை மற்ற இருவரும் கவனிக்கவில்லை. கவனிக்கிற ஆட்களாக இருந்தால் அந்தச் சங்கத்தில் ஏன் இருக்கப்போகிறார்கள்?

தேளுக்கு வழியில்லாததால், பெட்டியை இருதயராஜிடம் ஒப்படைப்பது என்று முடிவானது.

"சரி, எங்க இருக்குன்னு சொல்லு" என்றான் இருதயராஜ்.

தவசி காதைப் பொத்திக்கொண்டான். "எடத்த யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு விதி இருக்கு. நீயேதான் கண்டுபுடிக்கணும்."

"வைக்கும்போது யாரும் பாக்கவும் கூடாது" என்று அம்பலவாணன் அடுத்த விதியைப் படித்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை தவசி டப்பாவை வெளியே எடுத்து இருதயராஜ் கையில் கொடுப்பான். அவன் தொட்டுவிட்டுத் திருப்பிக் கொடுப்பான். தவசி மறுபடி ஒளித்து வைப்பான். இருதயராஜ் தேடி எடுத்தால் ஒப்படைப்பு முடிந்தது.

சனிக்கிழமை முழுக்க ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தார்கள். நாளைக் காலை பத்து மணிக்கு வாய்க்கால் பாலத்துப் பக்கம் யாரும் வரக் கூடாது, வந்தாலும் பார்க்கக் கூடாது. அதுவரை அந்தப் பாலத்தைச் சீந்தாத ஊர், ஒன்பதரைக்கெல்லாம் திரண்டு வந்துவிட்டது.

சாமான் ஏற்றிய மினி லாரி பாலத்தின் மேலேயே நின்றது. முன்சீட்டில் உட்கார்ந்திருந்த தவசியின் மனைவி செண்பகவல்லி, "என்னங்க, இன்னுமா?" என்று நாலு தரம் கேட்டுவிட்டாள்.

ஆள் வருமுன்பே தவசி எடுத்து வைத்திருந்த டப்பா கைமாறித் திரும்பியதும், "எல்லாரும் திரும்பி நில்லுங்க!" என்றார் அம்பலவாணன். ஊரே முதுகைக் காட்டியது. இருதயராஜும் திரும்பிக்கொண்டான்.

தவசிக்கு ஒரு சந்தேகம் வந்தது. "அண்ணே, யாரும் பாக்கக் கூடாதுன்னா நானுமா?"

"உனக்கு மட்டும் தனிச் சட்டமா?" என்றார் அம்பலவாணன், திரும்பாமலே.

தவசி கண்ணை இறுக மூடிக்கொண்டு தடவினான். கையில் ஒரு துவாரம் தட்டுப்பட்டது. அது சுவரில் இருந்த பொந்தல்ல, லாரியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பாய்ச் சுருளின் வாய். இன்றைக்கு ஏன் இத்தனை வழவழப்பு என்று அவனுக்குத் தோன்றியது. அதற்கு மேல் யோசிக்கிற வழக்கம் அவனிடம் இல்லை. டப்பாவை உள்ளே தள்ளினான்.

"நீ முன்னால போ செண்பகம். இருதயராஜ் கண்டுபுடிச்சதும் சாயந்தரம் பஸ்ல வந்துடறேன்" என்று லாரியை அனுப்பிவைத்தான்.

இருதயராஜ் அன்று சாயந்தரம்வரை தேடினான். திங்கட்கிழமையும் தேடினான். தவசி பஸ்ஸை மறந்து, பாலத்தடியிலேயே சோறு வாங்கித் தின்று காத்திருந்தான். செவ்வாய்க்கிழமை இருதயராஜ் ஒருவழியாகச் சுவர்ப் பொந்துக்குள் கையை விட்டான். தேள் கொட்டியது. அவன் குதித்த குதியில் வாய்க்கால் தண்ணீர் தெறித்தது.

"அதே தேளான்னு கேளு தவசி" என்றார் அம்பலவாணன்.

தவசி எட்டிப் பார்த்தான். உள்ளே டப்பா இல்லை. தான் ஒளித்த பெட்டி எங்கே என்று தனக்கே தெரியாத அளவுக்கு நன்றாக ஒளித்துவிட்டோமே என்று முதலில் பெருமையாக இருந்தது. பிறகுதான் அழுகை வந்தது. மூன்று பேரும் சேர்ந்து தேடத் தொடங்கினார்கள்.

புதன்கிழமை காலை செண்பகவல்லி ஃபோன் செய்தாள்.

"என்னங்க, ஆபீஸ்லேருந்து ஆள் வந்துட்டுப் போறாங்க. இன்னைக்குள்ள சேரலன்னா அவ்வளவுதானாம். உங்க பாழாப்போன டப்பா இங்க என் கையிலதான் இருக்கு. எதுக்குள்ள கெடந்துச்சு தெரியுமா..."

"சொல்லாத!" என்று அலறினான் தவசி. "எடத்த மட்டும் சொல்லிடாத செண்பகம்! நோட்டுல உன் பேர எழுது, தேதி போடு. எடுத்த எடத்துலேயே வெச்சுடு. யாரும் பாக்காம வை!"

ஃபோனை வைத்தவன் கண்ணில் ஆனந்தக் கண்ணீர் கொட்டியது. "இருநூத்துப் பதினஞ்சு ஆயிடுச்சுண்ணே! எம் பொண்டாட்டியே கண்டுபுடிச்சுட்டா. பெட்டி பத்திரமா இருக்கு!"

"நான்தான் சொன்னேனே, இங்கதான் எங்கயோ இருக்குன்னு" என்றபடி அம்பலவாணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாலத்துக்குக் கீழே குனிந்தார். வீங்கிய கையோடு இருதயராஜும், அவனுக்குப் பின்னால் தவசியும் குனிந்தார்கள்.