கேப்டன் ஆசீர் காப்பாற்றிய பெயர்

நூற்பாலை ஒன்றின் சிறிய விமானத்தை ஓட்டிவந்த கேப்டன் ஆசீர் ஒரு காலத்தில் நல்ல பெயர் எடுத்தார். மற்ற விமானிகள் திரும்பிப் போன மழையில் இரண்டு முறை அவர் மட்டும் இறக்கிக் காட்டினார். ‘ஆசீர் எந்த மழையிலும் இறக்குவார்’ என்று பேச்சு வந்தது. அன்றிலிருந்து அந்தப் பெயர் அவரை விட்டு நகரவில்லை. அவர் விமானத்தில் ஏறினால் அதுவும் ஏறும், பக்கத்து இருக்கையில் உட்காரும். எடை பார்க்கும்போது அதை யாரும் சேர்ப்பதில்லை.

ஐப்பசியில் ஒரு காலை, ஆலை முதலாளி விசாகப்பெருமாளை ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்து ஓடுபாதைக்கு வந்தார் ஆசீர். மேகம் தென்னை உயரத்துக்கு இறங்கிக் கிடந்தது.

கீழே வேலை பார்க்கும் பாக்கியம் ரேடியோவில் பேசினார். “சார், நான் ஓடுபாதை ஓரத்துலதான் நிக்கிறேன். எனக்கே மறுகோடி தெரியல.”

பின்னாலிருந்து விசாகப்பெருமாள் எட்டிப் பார்த்தார். “மதுரைக்கே திரும்பிடுவோமே கேப்டன். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. மத்தியானச் சாப்பாட்ட அங்கேயே முடிச்சுக்கலாம்.”

பெட்ரோல் முள் பாதிக்கு மேல் நின்றது. “மதுரை தாராளமாப் போகலாம்” என்றது, யாரும் கேட்காமலேயே.

சரி என்று சொல்லத்தான் ஆசீர் வாயெடுத்தார். பெயர் முந்திக்கொண்டது.

“திரும்பினா சாயங்காலத்துக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சுரும். ஆசீருக்கு வயசாயிருச்சும்பாங்க. அப்புறம் என் கதி?”

“ஒரு தடவை இறங்கிப் பாக்கிறேன் சார்” என்றார் ஆசீர்.

உயரமானிக்கு எண்கள் மட்டும்தான் பேசத் தெரியும். “ஆயிரம்” என்றது. “எண்ணூறு” என்றது. அறுநூறு அடியில் ஓடுபாதை கண்ணில் படாவிட்டால் மேலே ஏறிவிட வேண்டும் என்பது அங்கே விதி. “அறுநூறு” என்றது. கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை.

ஆசீரின் கை விசைப்பிடியில் இருந்தது. அதை முன்னால் தள்ளினால் விமானம் எழும்பும்.

“தள்ளுங்க, நான் தயார்” என்றது விசைப்பிடி.

“இன்னும் கொஞ்சம்” என்றது பெயர். “போன ரெண்டு தடவையும் இப்படித்தானே இருந்துச்சு? கடைசியில பாதை வரலையா?”

“வந்துச்சு” என்றார் ஆசீர்.

“ஐந்நூறு. நானூறு” என்றது உயரமானி.

பெயர் மேகத்தை அதட்டியது. “யார் வர்றதுன்னு தெரியுமில்ல? விலகு!”

“நான் யாரையும் வரச்சொல்லலையே” என்றது மேகம்.

“முந்நூறு” என்று கேட்டபோது பாதை வரவில்லை, பாறை வந்தது. அவர் பிடியைத் தள்ளினார். பிடி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. நேரம்தான் போதவில்லை.

மழை விட்டபிறகு இரண்டு உடல்களையும் மலையிலிருந்து இறக்கினார்கள். பெயருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

பத்தாம் நாள் விமானிகள் சங்கத்தில் இரங்கல் கூட்டம். பெயர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. பேசியவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தே பேசினார்கள். “எப்பேர்ப்பட்ட மழையா இருந்தாலும் இறக்குவார். பயம்னா என்னன்னே தெரியாது.” கைதட்டல் வேறு.

கடைசியில் ஆசீரின் மனைவி ஜெயசீலி எழுந்தாள்.

“அன்னைக்கு அவர் மதுரைக்குத் திரும்பியிருந்தா, ஆசீர் பயந்துட்டான்னு நீங்க ஒரு வாரம் சிரிச்சிருப்பீங்க” என்றாள். “முதலாளியும் அவர் வீட்டுல இருந்திருப்பாரு. நான் இந்நேரம் இவருக்குச் சோறு போட்டுக்கிட்டிருப்பேன்.”



பெயருக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. எழுந்து போய்ப் பின்வரிசையில் ஒரு விமானியின் பக்கத்தில் நின்றது.

அவர் சற்று நகர்ந்து அதற்கு இடம் கொடுத்தார்.