இலை போடாத மதியம்

சென்னையிலிருந்து வந்த ரயிலை விட்டு இறங்கிய செண்பகவல்லி வீட்டுக்குப் போகவில்லை. பெட்டியோடு நேரே கல்லூரிக்கு வந்தாள். மனையியல் துறையின் வாசலில் பெட்டியை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ரெபேக்கா தங்கநேசம் கண்ணாடிக் குழாய்களைக் கழுவி ஜன்னலோரம் கவிழ்த்துக்கொண்டிருந்தார். தெற்குச் சீமையின் அந்தப் பெண்கள் கல்லூரியில் மனையியல் துறையைத் தொடங்கியவர் அவர். இன்னும் அவர்தான் தலைவர். செண்பகவல்லி அவரிடம் படித்தவள். படித்து முடித்து, அங்கேயே செய்முறை வகுப்பு எடுக்கும் வேலையில் சேர்ந்து பத்து வருடங்களாகியிருந்தன.

"இடம் கிடைச்சுதா?" என்று ரெபேக்கா கேட்டார்.

"இல்லை மிஸ்."

உயிர்வேதியியலில் ஆராய்ச்சி செய்ய விண்ணப்பித்திருந்தாள். நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வடித்த கஞ்சியோடு அரிசியின் சத்து எவ்வளவு போகிறது என்று தானே சோதித்துப் பார்த்த முடிவுகளை எடுத்துப் போயிருந்தாள். அதை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. நடுவில் உட்கார்ந்திருந்த பேராசிரியர் நாகலிங்கம் சான்றிதழைப் பார்த்தார். அதில் மனையியல் என்று இருந்தது. "ரசம் நல்லா வைப்பியாம்மா?" என்று கேட்டார். மற்ற இருவரும் சிரித்தார்கள். அவ்வளவுதான் நேர்முகம்.

சொல்லும்போது அவள் குரல் உயர்ந்தது. அழுகை இல்லை. கோபம்.

"நாங்க படிச்சது வேதியியல். கிருமியியல். உடலியங்கியல். இதுக்கு ஏன் மிஸ் இந்தப் பேரை வெச்சீங்க?"

ரெபேக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். "வா" என்றார்.

கட்டடத்தின் பின்பக்கத்தில் ஒரு பழைய அறை இருந்தது. மேலே புகைக்கூண்டு, சுவரோரம் தொட்டி. உடைந்த நாற்காலிகளை அங்கே போட்டு வைத்திருந்தார்கள்.

சுதந்திரத்துக்கு முன்பு, வேதியியலில் முதல் வகுப்பில் தேறி இங்கே வேலைக்கு வந்ததாக ரெபேக்கா சொன்னார். ஒரு சோதனைக்கூடம் வேண்டும் என்று நிர்வாகத்தைக் கேட்டார். பெண்பிள்ளைகளுக்கு அமிலமும் நெருப்பும் எதற்கு என்றார்கள். மறு வருடமும் கேட்டார். அதே பதில். மூன்றாவது முறை போனபோது, பெண்களுக்கு வீடு நடத்தச் சொல்லித்தர ஒரு சமையலறை வேண்டும் என்றார். உடனே கொடுத்தார்கள்.

"நெருப்பு இருந்துச்சு. தண்ணி இருந்துச்சு. கழிவு போக வழி இருந்துச்சு. அமிலப் புகை போறதுக்கு அந்தக் கூண்டு போதும். வேற என்ன வேணும் சோதனைக்கூடத்துக்கு?"

தராசு கேட்டபோது பருப்பு நிறுக்கவா என்றார்களாம். ஆமாம் என்றாராம். நுண்ணோக்கி கேட்டபோது அரிசியில் புழு பார்க்க என்றாராம். அதுவும் வந்தது. பிறகுதான் ஒரு புத்தகத்தில் படித்தார்: அமெரிக்காவிலும் வேதியியல் படித்த பெண்களுக்கு ஆண்களின் சோதனைக்கூடத்தில் இடம் இருக்கவில்லை. வீட்டுக்கு வரும் பாலையும் தண்ணீரையும் சோதிக்கிறோம் என்று சொல்லித்தான் அவர்களும் உள்ளே நுழைந்திருக்கிறார்கள். இந்தப் படிப்பே அப்படி உண்டானதுதான்.

செண்பகவல்லி அந்த அறையைச் சுற்றிப் பார்த்தாள். அவள் கோபம் இறங்கவில்லை.

"நீங்க அந்தப் பேரைச் சொல்லி உள்ளே வந்தீங்க மிஸ். அந்தப் பேரைச் சொல்லித்தான் எங்களை வெளியே அனுப்புறாங்க."

ரெபேக்கா தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த மாதமே பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக் குழு வரப்போவதாகத் தகவல் வந்தது. தலைவர் அதே நாகலிங்கம். பிரின்சிபால் வந்து, வழக்கம்போல மதிய விருந்து மனையியல் துறையில்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒவ்வொரு முறையும் அப்படித்தான். குழு காலையில், பிற்பாடு வந்த வேதியியல் துறை உட்பட மற்ற துறைகளைச் சுற்றிப் பார்க்கும். மதியம் இங்கே வந்து இலை முன் உட்காரும். மாணவிகள் பரிமாறுவார்கள். பாயசம் நன்றாக இருந்தால் அறிக்கையும் நன்றாக இருக்கும். சோதனைக்கூடத்தின் கதவை எந்தக் குழுவும் திறந்து பார்த்ததில்லை.

பிரின்சிபாலிடம் ரெபேக்கா, "வரட்டும்" என்று மட்டும் சொன்னார்.

பக்கத்தில் நின்ற செண்பகவல்லிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தன்னைப் பார்த்துச் சிரித்தவனுக்குத் தன் கையாலேயே சோறு போட வேண்டுமா? அவள் அதன்பிறகு ரெபேக்காவிடம் வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. ரெபேக்காவும் வற்புறுத்திப் பேசவில்லை.

ஆய்வு நாளில் அவள் வேண்டுமென்றே தாமதமாக வந்தாள். சமையல் வாசனை எதுவும் இல்லை. அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. விருந்து நடக்கும் கூடம் பூட்டிக் கிடந்தது. சோதனைக்கூடத்தில் மாணவிகள் வெள்ளை மேலங்கி போட்டுக்கொண்டு மேசைக்கு இருவராக நின்றிருந்தார்கள். பாலில் புரதம் அளக்கும் சோதனை நடந்துகொண்டிருந்தது. ரெபேக்கா அவளைப் பார்த்து, கடைசி வரிசையைக் கவனிக்கும்படி கை காட்டினார். அவள் மேலங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

மதியம் குழு வந்தது. நாகலிங்கம் கூடத்தின் பூட்டைப் பார்த்தார். பிறகு சோதனைக்கூடத்து வாசலில் வந்து நின்றார். பின்னால் பிரின்சிபால் முகம் வெளிறி நின்றார்.

"சாப்பாடு இங்கதான்னு சொன்னாங்க."

"இப்ப செய்முறை வகுப்பு சார். வாங்க, பாருங்க" என்றார் ரெபேக்கா.

"சாப்பிட்டுக்கிட்டே பேசினா எல்லாம் முடிஞ்சிடும். எப்பவும் அப்படித்தானே?"

"காலையில வேதியியல் துறையைப் பாத்தீங்களே. அங்க என்ன சாப்பிட்டீங்க?"

நாகலிங்கத்துக்குக் கேள்வி புரியவில்லை. "அங்க எதுக்கும்மா சாப்பாடு?"

"இங்க எதுக்கு சார்?"

மாணவிகளில் ஒருத்தியும் தலை நிமிரவில்லை. சொட்டுச் சொட்டாக அமிலம் விடும் கைகள் நிற்கவில்லை. செண்பகவல்லி நாகலிங்கத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கோபத்தைத் தந்தது.

குழு உள்ளே வராமலே திரும்பியது.

அறிக்கை வந்தது. சோதனைக்கூடத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. துறைத் தலைவருக்கு விருந்தோம்பும் பண்பு போதாது, மனையியல் கற்பிப்பவருக்கு அது அடிப்படைத் தகுதி என்று இருந்தது.

கல்லூரிச் செயலாளர் ரெபேக்காவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கச் சொன்னார். வேதியியல் துறைத் தலைவரும் சமைத்துப் போடவில்லை, அவரும் மன்னிப்புக் கேட்டால் தானும் கேட்பதாக ரெபேக்கா சொன்னார். அந்த வாரமே அவரைத் தலைவர் பதவியிலிருந்து எடுத்தார்கள். முதல் வருடப் பெண்களுக்குச் சுகாதாரப் பாடம் மட்டும் எடுக்கட்டும் என்றார்கள். அவர் தன் அறையைக் காலி செய்து கொடுத்துவிட்டு, அன்று மாலை வகுப்பையும் எடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் செயலாளர் செண்பகவல்லியைக் கூப்பிட்டார். துறைக்கு அவளே தலைவராக இருக்கலாம் என்றார். அவளுக்கு அனுபவம் இருக்கிறது, மாணவிகளுக்கும் பிடிக்கும் என்றார். வருகிறவர்களைக் கவனிக்கிற விஷயத்தை அவளே பார்த்துக்கொள்வாள் என்று நம்புவதாகவும் சொன்னார்.

செண்பகவல்லி எழுந்து நின்று, வேண்டாம் என்றாள். தன் ஆசிரியரை எழுப்பிவிட்ட இடத்தில் தான் உட்கார மாட்டேன் என்றாள். வாழ்க்கையில் அவ்வளவு உறுதியாக அவள் எதையும் சொன்னதில்லை. வெளியே வந்தபோது கால்கள் தரையில் பாவவில்லை.

நேரே ரெபேக்காவின் வீட்டுக்குப் போனாள். அவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் நின்றபடியே சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

ரெபேக்கா பேனாவை மேசைமேல் வைத்தார். அவர் அவ்வளவு கோபப்பட்டு அவள் பார்த்ததில்லை.

"உன்னை யார் வேண்டாம்னு சொல்லச் சொன்னது?"

"மிஸ், உங்களுக்காகத்தான்..."

"விருந்து வைக்கிறதா வாக்குக் கேட்டாரா?"

"இல்லை. நீயே பாத்துக்கோன்னார்."

"அப்ப பாத்துக்கோ."

ரெபேக்கா வாசல் பக்கம் கை காட்டினார்.

"தெருவுல நின்னுக்கிட்டு சமைக்க மாட்டேன்னு யார் வேணும்னாலும் சொல்லலாம். அது அவங்க காதுல விழவே விழாது. அந்த நாற்காலியில உக்காந்துக்கிட்டு சொல்லணும். நீ வேண்டாம்னா, நாளைக்கு பாயசம் வைக்கத் தெரிஞ்ச ஒருத்தியைக் கொண்டு வந்து உக்கார வைப்பாங்க. அப்புறம் அந்தச் சோதனைக்கூடத்தையும் பூட்டிடுவாங்க. செயலாளர் இன்னும் ஆபீஸ்லதான் இருப்பார். திரும்பிப் போ."

செண்பகவல்லி வாசல்வரை போனாள். அங்கே நின்று திரும்பினாள்.

"அடுத்த வருஷம் அவங்க வருவாங்க. நானும் இலை போட மாட்டேன். என்னையும் எடுத்துடுவாங்களே மிஸ்?"

ரெபேக்கா அடுத்த விடைத்தாளை எடுத்து மேசைமேல் விரித்தார்.

"எடுக்கட்டும். நான் எத்தனை பேரைப் படிக்க வெச்சிருக்கேன்னு நெனச்சே?"