பால் காயாத அத்திப்பழம்

ஓடைக்கரை அத்திமரத்தில் செம்பி என்ற மலையணில் குடியிருந்தது. உச்சிக் கவட்டில் சுள்ளியும் இலையுமாகக் கட்டிய கூடு. அதற்குள் அப்போதுதான் கண் திறந்த ஒரே பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு இன்னும் கிளை தாவத் தெரியாது. பசித்தால் கத்த மட்டும் நன்றாகத் தெரியும்.

அத்தி பழுக்கத் தொடங்கிய சமயம் அது. மற்ற மரங்களெல்லாம் இன்னும் பூவும் பிஞ்சுமாக நிற்க, இந்த ஒரு மரம் மட்டும் குலை குலையாகச் சிவந்து நின்றது. செம்பி சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அதற்குப் பயம்தான் வந்தது.

"அத்தி பழுத்தா அணில் வரும், அணில் வந்தா துப்பாக்கி வரும்" என்பது அந்தக் காட்டு அணில்களின் பேச்சு. சும்மா வந்த பேச்சு இல்லை. போன வருஷம் இதே பருவத்தில், முதல் பழத்தைக் கண்ட குஷியில் செம்பியின் தாய் கிளை அதிரக் கூவியது. கூவி முடிப்பதற்குள் வெடிச்சத்தம் கேட்டது. பாவம், அதன் பிறகு செம்பி வாயைத் திறந்து கூவியதே இல்லை.

அதனால் செம்பி மிகவும் ஜாக்கிரதையாக இருந்தது. வெயில் படும் கிளைக்குப் போகாது. தன் நீண்ட வாலைத் தொங்கவிடாமல் முதுகோடு சுருட்டி வைத்துக்கொள்ளும். அடர்ந்த இலைக்குள் உட்கார்ந்து சத்தமில்லாமல் தின்னும். எல்லாம் சரிதான். ஒரே ஒரு கெட்ட பழக்கம் மட்டும் இருந்தது. ஒரு பழத்தைப் பறிக்கும், ஒரு கடி கடிக்கும், புழு தெரிந்தால் கீழே எறியும். புழு இல்லாவிட்டாலும் இரண்டு கடியோடு சலித்துப்போய்க் கீழே எறியும். அத்திப் பழத்தைப் புட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்பார்கள். செம்பியோ அத்தனையையும் புட்டுப் பார்க்காமல் விடுவதில்லை!

கீழே விழுந்த பழங்களைத் தின்ன ஒரு சருகுமான் வரும். முயலைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு, குச்சிக் கால்கள், கொம்பு கிடையாது. கூரன் என்று பெயர். செம்பி கடித்துப் போட்டதை ஒன்று விடாமல், புழுவோடு சேர்த்துத் தின்றுவிட்டுப் போகும். அது நடந்தால் சருகு 'சரக், சரக்' என்று சத்தமிடும்.

அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் செம்பிக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஒருநாள் பொறுக்க முடியாமல் கீழ்க்கிளைக்கு இறங்கி வந்தது.

"ஏய் கூரா! உனக்கு வேற மரமே கிடைக்கலியா?"

"வேற எந்த மரமும் பழுக்கலியேக்கா!" என்றது கூரன், வாய் நிறையப் பழத்தோடு.

"நீ நடக்கிற சத்தம் மலையடிவாரம் வரைக்கும் கேக்குது! வேட்டைக்காரன் காதுல விழுந்தா என் பிள்ளை கதி என்ன?"

"மெதுவாத்தானேக்கா நடக்கறேன்... நான் தின்னாட்டி இதெல்லாம் இங்கேயே கிடக்குமே!"

"கிடந்தா கிடக்கட்டும்! பழம் என்ன, வாயைத் திறந்து பேசவா போகுது? போடா, எச்சில் பொறுக்கி!"

பயத்தில் வந்த வார்த்தைதான். ஆனால் பட்ட இடத்துக்கு அது தெரியுமா? கூரன் தின்றுகொண்டிருந்த பழத்தை அப்படியே கீழே வைத்தது. ஓடையைத் தாண்டி அக்கரை மூங்கில் புதருக்குள் போய்விட்டது.

அன்றிலிருந்து மரத்தடியில் சருகு அசையவில்லை. "அப்பாடா, சனியன் விட்டுது!" என்று செம்பி நிம்மதியாகத் தின்றது. கடித்தது, எறிந்தது. கடித்தது, எறிந்தது. கீழே குனிந்து பார்க்கவே இல்லை. வேண்டாமென்று எறிந்ததை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

சில நாள் கழித்து, பனி விலகாத காலையில் கொம்பையா என்ற வேட்டைக்காரன் அந்தப் பக்கம் வந்தான். தோளில் நாட்டுத் துப்பாக்கி. ஒரு தடவை வெடித்தால், மறுபடி மருந்து போட்டு இடித்துக் கெட்டிக்க வேண்டிய துப்பாக்கி. அவன் அண்ணாந்து பார்த்துத் தேடவில்லை. இலை அடர்ந்த காலத்தில் மேலே பார்த்து என்ன தெரியும்? தரையைப் பார்த்துக்கொண்டே வந்தான். அத்திமரத்தடியில் அப்படியே நின்றான்.

தரை முழுக்கக் கடித்த பழங்கள்! பழையதும் புதியதுமாக ஈ மொய்த்துக் கிடந்தன. அவன் பாதி பழுத்த ஒரு செங்காயை எடுத்துக் கடிவாயை விரலால் தொட்டுப் பார்த்தான். வெள்ளைவெளேரென்று பால் ஒட்டியது.

"பால்கூடக் காயலையே!" என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். "இப்பத்தான் கடிச்சிருக்கு. ஆளு மேலதான் இருக்கு."

எதிர்மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டான். அப்புறம் கண் இமையைத் தவிர எதையும் அசைக்கவில்லை.

நடுக்கிளையில் இருந்த செம்பிக்கு அவன் சொன்னது நன்றாகக் கேட்டது. கீழே பார்த்தது. ஐயோ! தன் பல் பட்ட பழங்கள் அத்தனையும் 'இதோ இருக்கிறாள், இதோ இருக்கிறாள்' என்று சொல்லிக்கொண்டு கிடந்தன. பழம் பேசாது என்றோமே, பேசிவிட்டதே! இத்தனை நாளும் இதையெல்லாம் தின்று தீர்த்தது யார் என்பது அப்போதுதான் அதற்கு உறைத்தது.

செம்பி கிளையோடு கிளையாக ஒட்டிக்கொண்டது. அசைந்தால் சாவு. அசையாமல் இருந்துவிடலாம்தான். ஆனால் உச்சிக் கவட்டில் பிள்ளைக்குப் பசி எடுத்துவிட்டது. அது 'கீச்' என்று கத்தி, கூட்டுக்கு வெளியே தலையை நீட்டியது.

கொம்பையா துப்பாக்கியைத் தூக்கிக் கூட்டைக் குறி பார்த்தான்.

அந்த நேரத்தில் அக்கரையில் சருகு சடசடவென்று அதிர்ந்தது. மூங்கில் புதரைவிட்டு வெளியே வந்து, பின்னங்கால்களால் தரையை உதைத்துக்கொண்டு நின்றது கூரன்! அதற்கு ஓடி ஒளிய வழி இருந்தது. கேட்ட வசவும் மறக்கவில்லை. ஆனாலும் கூட்டை நோக்கிய துப்பாக்கியைப் பார்த்துவிட்டு, பசித்த பிள்ளையின் குரலையும் கேட்டுக்கொண்டு அதனால் சும்மா இருக்க முடியவில்லை.

"அடி சக்கை! சருகுமான்!" என்றான் கொம்பையா. அணிலைவிடக் கறி அதிகம் அல்லவா? துப்பாக்கி ஓடைப் பக்கம் திரும்பியது.

செம்பிக்கு வழி கிடைத்துவிட்டது. பிள்ளையைக் கவ்விக்கொண்டு ஓடிவிடலாம். ஓடினால் கூரனின் உயிர் போய்விடும். செம்பி கூட்டின் பக்கம் ஒரு தாவு தாவியது. பிறகு நின்றது. திரும்பி ஓடி, வேட்டைக்காரனின் தலைக்கு நேர் மேலே இருந்த கிளைக்கு வந்தது. ஒரு வருஷமாகத் திறக்காத வாயைத் திறந்து, காடே அதிரக் கூவியது.

"ஓடு கூரா! ஓடு!"

திடுக்கிட்ட கொம்பையா துப்பாக்கியை மேலே தூக்கிச் சுட்டான். 'டமார்!' இலைகள் கொட்டின. அவற்றோடு செம்பியின் வாலில் பாதியும் விழுந்தது.

அவன் மறுபடி மருந்து போட்டு இடிப்பதற்குள் அக்கரையில் கூரனைக் காணோம். செம்பியும் பிள்ளையைக் கவ்விக்கொண்டு, மரத்துக்கு மரம் தாவி ஓடையைக் கடந்துவிட்டது. கொம்பையா ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தான். கடைசியில், 'அணில் கடித்த பழம் இனிக்கும்' என்று சொல்லி, மடி நிறைய அந்தப் பழங்களைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். எச்சில் பொறுக்கி யார் என்று இப்போது சொல்லுங்கள்!

வெயில் ஏறியதும் செம்பி மூங்கில் புதருக்கு வந்தது. கூரன் தலையை நீட்டிப் பார்த்தது.

"ஐயோ! வால் எங்கேக்கா?"

"போச்சு. இந்த நாக்குக்கு விழ வேண்டிய அடி, வாலோட போச்சு" என்றது செம்பி. "கூரா, நான் சொன்னதை மனசுல வச்சுக்காதே. கீழே விழுந்ததைத் தின்னு தின்னு நீதான் எங்களை இத்தனை நாளும் மறைச்சு வச்சிருந்தே. எனக்குத்தான் தெரியலை."

"எனக்கும் தெரியாதேக்கா! எனக்குப் பசிச்சுது, தின்னேன்!"

செம்பிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அதன்பின் செம்பி ஓடைக்கு மேற்கே, வேறொரு அத்தி பழுத்ததும் அங்கே கூடு கட்டியது. முதல் நாள் நல்ல பழமாகப் பார்த்து, பல் படாமல் முழுதாக ஒன்றைக் கூரனுக்குக் கீழே போட்டது.

கூரன் அதை முகர்ந்து பார்த்துவிட்டு அண்ணாந்து கூவியது: "அக்கா! கடிச்சே போடுக்கா! புழு இருந்தாத்தான் ருசி!"

நாம் சிந்தியதைக் கீழேயிருந்து துடைப்பவரை இழிவாகப் பேசி விரட்டிவிட்டால், நம்மைக் காட்டிக்கொடுக்க வேறு பகைவன் வேண்டியதில்லை.