மூன்று விரல் வறட்டி

இந்தக் கதையைக் கேட்டால் உங்களுக்கும் கோபம் வரும். யார் மேல் வரவேண்டும் என்பதுதான் கேள்வி.

பேச்சித்தாய் கொல்லையில் காய்க்கும் புடலங்காயின் நீளமும் ருசியும் அந்தத் தெருவில் வேறெங்கும் கிடையாது. முற்றிய காயின் விதையைச் சாணியில் புதைத்து, வறட்டியாகத் தட்டி, அடுப்பெரிக்கிற வறட்டிகளோடு பின்சுவரில் ஒட்டிவைப்பாள். எரிக்கிறதில் ஐந்து விரல் பதிந்திருக்கும். விதை வறட்டியில் மூன்றே விரல். இந்த அடையாளத்தை வீட்டில்கூட யாரிடமும் அவள் சொன்னதில்லை. தெரிந்தால் தெருவே கேட்டு வந்துவிடுமாம். தை மாதம், வறட்டி காய்ந்துகொண்டிருக்கும்போதே, எதிர்வீட்டுச் செல்லக்கிளி வந்து நாலு விதை கேட்டாள். "காயெல்லாம் கறிக்கே போச்சு, செல்லக்கிளி" என்று பேச்சித்தாய் கையை விரித்துவிட்டாள்.

ஆனியில் பேச்சித்தாய் மகளின் பிரசவத்துக்குத் துணையாகப் போனாள். கோயில் கொடைத் திருவிழாவுக்கு வெள்ளையடிக்கவேண்டுமே என்று மகன் சுடலைமணி சுவரிலிருந்த வறட்டிகளைப் பெயர்த்துக் குவித்தான். மருமகள் மாரிக்கனி அவற்றை எரித்து வெந்நீர் போட்டாள். ஒருநாள் அடுப்பில் என்னமோ படபடவென்று பொரிந்தது. பூச்சியாக இருக்கும் என்று இன்னும் உள்ளே தள்ளிவிட்டாள்.

ஆடி பிறந்ததும் விதை போடத் திரும்பிவந்த பேச்சித்தாய், வெள்ளைச் சுவரைப் பார்த்து, மூன்று விரல் வறட்டியில் இருந்தது விதை என்று தெரு கூடும்படி கத்தினாள். அப்போ அடுப்பில் பொரிந்தது அதுதானா என்றாள் மாரிக்கனி.

"ஏட்டி, பொரிஞ்ச சத்தம் கேட்டும் உறைக்கலையா? காது என்ன, கம்மல் மாட்ட மட்டுந்தானா?"

"பெயர்த்தது உங்க மகன். அவரைக் கேளுங்க அத்தை!"

"வறட்டியில விரல் எண்ணிப் பார்க்க நான் என்ன ரேகை சோசியனா?" என்று சீறினான் சுடலைமணி.

வீட்டில் இருந்த விதையே அவ்வளவுதான். பேச்சித்தாய் அடுப்பில் அடித்துச் சத்தியம் செய்தாள்: "விதையை அழிச்ச கை எதுவோ, அந்தக் கை இனிமே இந்த அடுப்பைத் தொடக்கூடாது!"

வாசலில் நின்ற செல்லக்கிளி விடவில்லை. "எல்லாம் கறிக்குப் போச்சுன்னீங்களே மதினி. இல்லாத விதை எப்படி எரிஞ்சுது?"

பெயர்த்தவன் மகன். எரித்தவள் மருமகள். நீங்களே சொல்லுங்கள்: விதையை அழித்த கை யாருடையது?

விடை: பெயர்த்த கைக்கும் தெரியாது, எரித்த கைக்கும் தெரியாது. தெரிந்தே செய்த கை ஒன்றுதான். செல்லக்கிளியிடம் விரித்துக் காட்டிய கை. அன்றைக்கு நாலு விதை கொடுத்திருந்தால், இன்றைக்குத் தெருவைத் தாண்டிப் போய்க் கேட்டு வாங்கியிருக்கலாம். எதிர்வீட்டுக் கொல்லையைவிட விதைக்குப் பத்திரமான இடம் ஏது?

சத்தியம் சத்தியம்தானே! மறுநாள் பேச்சித்தாய் அடுப்பைத் தொடவில்லை; மாரிக்கனிதான் மூட்டினாள். மாமியார் முன்னால் காப்பியை நங்கென்று வைத்தாள். பேச்சித்தாய், சீனி பத்தவில்லை என்றுகூடச் சொல்லாமல் குடித்தாள்.