பதினான்காம் படுக்கைக்கு இளநீர்

இருபத்தெட்டு வருடம் ஆண் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற தணிகாசலம், அதே மருத்துவமனையின் சமையலறைக்காகக் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டிருந்தார். கற்றுக்கொடுத்தவள் மெஹருன்னிசா. அவருடைய மகளைவிட இரண்டு வயது சிறியவள். இருந்தாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

படுக்கை எண்ணைக் கொடுத்தால் அந்த நோயாளிக்கு என்ன உணவு என்று சொல்லும் பட்டியல் ஒன்று நிரலில் இருந்தது; டிக்‌ஷனரி என்று அதற்குப் பெயர். காலையில் ஒருமுறை உருவாக்கினால் சரி, பிறகு அது மாறாது. சமையலறையின் நான்கு திரைகளும் அதைத்தான் படித்தன.

அன்று பத்து மணிக்கு டாக்டர் வந்து, பதினான்காம் படுக்கைக்காரருக்குச் சிறுநீரகம் மோசமாகிவிட்டது, இனி இளநீர் கூடவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். தணிகாசலம் மாற்றும் கட்டளையை எழுதி ஓட்டினார். பிழை எதுவும் வரவில்லை. திரையில் இளநீர் அப்படியே இருந்தது. மறுபடி எழுதினார். மூன்றாம் முறையும் எழுதினார். இளநீர்தான். அதற்குள் வெட்டிய இளநீர்க்காய் வார்டுக்குப் போய்விட, அவரே பின்னால் ஓடி நோயாளியின் கையிலிருந்து வாங்கி வரவேண்டியதாயிற்று.

மூச்சிரைக்கத் திரும்பி வந்து நாற்காலியில் விழுந்தார்.

"மாத்தவே விடாத டிக்‌ஷனரி எதுக்கு டீச்சர்?"

அவள் காலைப் பட்டியலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். பதினான்கை மட்டும் திருத்தி, முழுப் பட்டியலையும் வேறொரு தாளில் எழுதித் தரச் சொன்னாள். ஒரு வரிக்காக நாற்பது வரியா, இதிலேயே அடித்து எழுதினால் ஆகாதா என்று அவர் எரிந்து விழுந்தார்.

"நாலு பேர் இதப் பாத்து சமைச்சுக்கிட்டிருக்காங்க, சார். நடுவுல அடிச்சா யாரு எதப் படிச்சாங்கன்னு எப்படித் தெரியும்?"

முணுமுணுத்துக்கொண்டே நாற்பதையும் எழுதி நீட்டினார். அவள் பழைய தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இதில் இன்னும் இளநீர் என்றுதான் இருக்கிறது என்றாள். அவர் இன்னும் கிட்டே நீட்டினார். மாறவே இல்லையே என்றாள்.

தணிகாசலத்துக்கு இருந்த கொஞ்சப் பொறுமையும் போயிற்று.

"புதுசா எழுதி எவ்வளவு நேரமா நீட்டிக்கிட்டிருக்கேன். அத வாங்காம பழசையே பாத்துக்கிட்டிருந்தா எப்படி மாறும்?"

மெஹருன்னிசா கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டாள்.

"உங்க கட்டளைக்கு அந்த டிக்‌ஷனரியும் மூணு தடவ புதுசு ஒண்ணு எழுதி நீட்டுச்சு, சார். நீங்க வாங்கல."