எந்தக் கேமரா, மாஸ்டர்?

நாகர்கோவிலில் பெனிட்டா என்றொரு புகைப்படக்காரி இருந்தாள். கல்யாணமும் எடுப்பாள், கடலோர ஊர்களின் கோயில் திருவிழாவும் எடுப்பாள். அவளிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்தவர் தாணுமாலயன். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தி, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். குருவுக்கு முப்பதைத் தாண்டித்தான் இருக்கும். சீடருக்குத் தலை முழுக்க நரை. அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவர் அவளை மாஸ்டர் என்பார்.

அதுவரை பெனிட்டாவின் பழைய கேமராவில்தான் அவர் பழகினார். சொந்தமாக, மிரர்லெஸ் என்னும் புதுவகை டிஜிட்டல் கேமரா ஒன்று வாங்கவேண்டும் என்று மாதக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தார். காலையில் ஒன்று பிடித்துப்போகும். மாலையில் யாரோ ஒருவன் அதில் குறை சொல்லும் வீடியோ கண்ணில் படும். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

ஒரு புதன்கிழமை காலை அவர் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தபோது சட்டைப் பொத்தான்கள் மாறிப் போட்டிருந்தன.

"மாஸ்டர், இனி தள்ள முடியாது. இன்னைக்கே வாங்கணும். எதை வாங்க?"

"அப்படி என்ன அவசரம்?"

அவர் சொன்னார். நிஜாம் அவரிடம் படித்த பையன். இப்போது இடலாக்குடியில் குடும்பத்தோடு இருக்கிறான். அவன் மனைவி ஹசீனாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். வெள்ளிக்கிழமை திருவனந்தபுரத்தில் அறுவை சிகிச்சை. குரல்வளையை எடுத்துவிடுவார்கள். உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். பிற்பாடு பயிற்சி எடுத்தால் ஏதோ ஓர் ஓசை வரலாம். இந்தக் குரல் வராது. நாலு வயதில் ஒரு மகள், நூரா. குரல் இருக்கும்போதே ஹசீனா மகளிடம் பேசுவதைப் படமாக எடுத்து வைக்கவேண்டும்.

"வேற ஆளு வந்தா அவ பேச மாட்டா, நீங்கதான் எடுக்கணும் சார்னு சொல்லிட்டான். இன்னைக்குச் சாயங்காலம் போகணும். நாளைக்குக் காலையில அவங்க கிளம்புதாங்க."

"சரி."

"மூணு கேமரா பாத்து வெச்சிருக்கேன். ஒண்ணு ஃபோட்டோவுக்கு ராஜா. புருவத்து முடியை எண்ணிரலாம். ஆனா வீடியோ ரொம்ப நேரம் ஓடினா சூடாகி நின்னுரும். இன்னொண்ணு இருட்டுல அருமையா வரும், ஃபோட்டோ சுமார். மூணாவது ரெண்டும் செய்யும், சூடாகாது, ரெண்டு மெமரி கார்டு போடலாம். ஆனா அதுலயே புதுசு ஒண்ணு வரப்போகுதாம்."

பெனிட்டா லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவங்களால எவ்வளவு நேரம் பேச முடியும் அண்ணாச்சி?"

"அது கேக்கல."

"பிள்ளை புது ஆளைக் கண்டா ஒட்டுமா, ஒதுங்குமா?"

"தெரியாது."

"எந்த அறையில இருந்து பேசப்போறாங்க?"

"தெரியாது மாஸ்டர்."

அவள் ஃபோனை எடுத்து, வடசேரியில் கேமரா வாடகைக்கு விடும் நண்பனிடம் பேசினாள். மத்தியானத்துக்குள் மூன்று கறுப்புப் பைகள் வந்து சேர்ந்தன. அவர் சொன்ன அதே மூன்று.

"கொண்டு போங்க."

"மூணுமா?"

"மூணும்."

அவருக்கு நிம்மதி வந்திருக்கவேண்டும். எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. ஆனால் மூன்று பைகளையும் காரின் பின் இருக்கையில் வைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, திரும்பித் திரும்பி அவற்றையே பார்த்தார்.

*

ஹசீனா நல்ல நீலத்தில் புதுச் சேலை கட்டி, தலையில் முக்காடிட்டு, கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என்னென்ன பேசவேண்டும் என்று மனதில் வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். மகள் பள்ளிக்கூடம் போகும் நாளுக்கு, பெரியவளாகும் நாளுக்கு, நிக்காஹ் நாளுக்கு.

"வாங்க சார்" என்றாள். கரகரத்த, பாதி காற்றான குரல்.

தாணுமாலயன் மூன்று கேமராக்களையும் மூன்று ஸ்டாண்டுகளில் நிறுத்தினார். நூரா கதவருகே நின்று பார்த்தாள். மூன்று கறுப்புக் கண்கள் தன் உம்மாவைச் சுற்றி நிற்பதைக் கண்டதும் வாப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள். எவ்வளவு கூப்பிட்டும் அறைக்குள் வரவில்லை.

"பரவால்ல, அவ இல்லாமலே பேசுதேன்" என்றாள் ஹசீனா. "நூரா, உம்மா உங்கிட்ட..."

"ஒரு நிமிஷம்மா. மைக் அளவு பாக்கணும். ஏதாவது பேசுங்க."

அவள் ஏதோ பேசினாள். அவர் ஒரு கேமராவில் சரிசெய்தார். அடுத்ததில் சரிசெய்தார்.

"இன்னும் கொஞ்சம் பேசுங்கம்மா."

பேசினாள்.

"இப்ப ஆரம்பிங்க."

"நூரா, நீ பள்ளிக்கூடம் போற அன்னைக்கு..."

இருட்டுக்கு நல்லதான கேமராவில் முகம் மஞ்சளடித்தது. அவர் நிறுத்தினார். மறுபடி தொடங்கினாள். ஃபோட்டோ கேமராவில் சூட்டு எச்சரிக்கை மின்னியது. மறுபடி நிறுத்தினார். அதை அணைத்துவிட்டு மூன்றாவதைப் பார்த்தார். அதில் ஃபோகஸ் பின்னாலிருந்த ஜன்னல் திரையில் இருந்தது. எவ்வளவு நேரமாக அப்படி இருந்ததோ தெரியவில்லை. நெற்றி வியர்வை அவருக்குக் கண்ணுக்குள் இறங்கியது.

"மன்னிச்சுக்கோங்கம்மா. முதல்ல இருந்து ஒரு தடவை."

ஹசீனா வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. இன்னொரு முறை முயன்றாள். கையைத் தொண்டையில் வைத்துக்கொண்டு கணவனைப் பார்த்தாள்.

நிஜாம் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தான். "டாக்டர் ரொம்பப் பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு சார்" என்றான். குரலில் கோபமில்லை. அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

"காலையில கிளம்புறதுக்கு முந்தி பாக்கலாம் சார். ராத்திரி முழுக்க வாயை மூடிட்டு இருந்தா கொஞ்சம் வரும். வரலேன்னா..." அவன் முடிக்கவில்லை.

*

விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவர் ஸ்டுடியோவுக்குத் திரும்பினார். பைகளைக் கீழே வைத்தார். நடந்ததைச் சொன்னார்.

பெனிட்டாவின் முகம் மாறியது.

"ரெண்டை வண்டியிலயே விட்டுட்டுப் போவீங்கன்னு நெனச்சேன் அண்ணாச்சி. என் கணக்கு தப்பிப்போச்சு."

"அவளுக்கு இருந்த குரலை நான் மைக் பாக்கவே செலவழிச்சுட்டேன் மாஸ்டர். நாளைக்கு வராமப் போச்சுன்னா? நான் என்ன செய்ய? சரியான கேமரா எதுன்னு முன்னாலயே தெரிஞ்சிருந்தா..."

அவள் அறை நடுவே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க."

உட்கார்ந்தார். மூன்று கேமராக்களையும் அவருக்கு எதிரே வைத்தாள். மூன்றிலும் சிவப்பு விளக்கு எரிந்தது.

"உங்க அண்ணன்கிட்ட நீங்க பேசி எத்தனை வருஷம் ஆச்சு?"

அவர் திடுக்கிட்டார். "அது என்னதுக்கு இப்ப?"

"அவர் முன்னால இருக்காருன்னு வெச்சுக்கோங்க. சொல்லணும்னு நெனச்சிருப்பீங்களே, அதைச் சொல்லுங்க."

அவர் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு தலையை நிமிர்த்தினார்.

"அண்ணே, அன்னைக்கு அம்மா காரியத்துல வெச்சு நான்..."

"ஒரு நிமிஷம். மைக் பாக்கணும்."

அவள் மைக்கைத் தட்டிப் பார்த்தாள்.

"சரி, சொல்லுங்க."

"அண்ணே, நான் அன்னைக்கு..."

"கழுத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம்."

திருப்பினார். அவள் கேமராவுக்குப் பின்னால் குனிந்து எதையோ திருகிக்கொண்டிருந்தாள். அவள் முகம் தெரியவில்லை. மூன்று லென்ஸ்கள் தெரிந்தன.

"முதல்ல இருந்து சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். நெஞ்சு வரைக்கும் வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை.

"இப்ப வரல மாஸ்டர்."

பெனிட்டா மூன்றையும் அணைத்தாள்.

"வீட்டுக்குப் போங்க அண்ணாச்சி. நாளைக்கு ஒண்ணு மட்டும் கொண்டு போங்க."

"எது?"

"என்கிட்ட கேக்காதீங்க."

அவர் மூன்று பைகளையும் வீட்டுக்கு எடுத்துப் போனார்.

*

விடிந்ததும் நிஜாம் அழைத்தான். "சார், கார் சொன்ன நேரத்துக்கு முந்தியே வந்துட்டு. ஆஸ்பத்திரியில சீக்கிரம் வரச் சொல்லுதாங்க. உடனே வர முடியுமா?"

அவர் ஓடினார். கைக்குக் கிடைத்த பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். இடலாக்குடி வீட்டு வாசலில் டிரைவர் டிக்கியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தான். உள்ளே போய்ப் பையைத் திறந்தால், இருந்தது ஃபோட்டோ கேமரா. சூடாகி நின்றுவிடும் அதே கேமரா.

திரும்பிப் போக நேரமில்லை.

ஹசீனா தரையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். இன்றைக்குப் புதுச் சேலை இல்லை. வழிப்பயணத்துக்கான பழைய சேலை. நூராவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். குழந்தை அவரைக் கண்டதும் எழுந்து ஓடப் பார்த்தது.

அவர் ஸ்டாண்டை விரிக்கவில்லை. பெட்டி ஒன்றின் மேல் கேமராவை வைத்தார். பதிவுப் பொத்தானை அழுத்தினார். அதன் பின்திரை உடம்போடு ஒட்டியிருந்தால் சூடு சீக்கிரம் ஏறும். அதனால் திரையை வெளியே இழுத்து முன்பக்கம் திருப்பிவிட்டார். இனிப் படம் எப்படி விழுகிறது என்று அவரால் பார்க்க முடியாது. பாயின் ஓரத்தில் உட்கார்ந்து ஹசீனாவைப் பார்த்தார்.

திருப்பிய திரை நூராவுக்குத் தெரிந்தது. ஓடப் போனவள் நின்றாள்.

"உம்மா! அதுல நீ இருக்கா! நானும் இருக்கேன்!"

ஹசீனா சிரித்தாள். சிரிப்பில் குரல் வந்தது. மெல்லியதாக, ஆனால் குரல்.

"ஆமா மக்களே. ரெண்டு பேரும் இருக்கோம்."

குழந்தை மடியில் வந்து விழுந்தது. ஹசீனா ஒருதடவை தாணுமாலயனைப் பார்த்தாள். ஏதாவது சொல்வாரோ என்று. அவர் எதுவும் சொல்லவில்லை.

"நூரா, உம்மாவுக்குத் தொண்டையில காயம்லா. நாளைக்குப் பெறவு உம்மா உன்னைக் கூப்பிட மாட்டேன்."

"ஏன்? கோவமா?"

"கோவம் இல்ல. சத்தம் வராது. அதுக்குப் பதிலா கை தட்டுவேன். இப்படி." இரண்டுமுறை தட்டினாள். "தட்டினா நீ ஓடி வரணும். என்ன?"

"தட்டு, பாப்போம்."

"தூரப் போய் நில்லு."

குழந்தை அடுக்களை வாசல்வரை ஓடிப்போய் நின்றது.

"நூரா" என்று கூப்பிட்டு, கை தட்டினாள். குழந்தை சிரித்துக்கொண்டே ஓடிவந்து மோதியது. பின்னிய சடை லென்ஸை மறைத்துப் போனது. தாணுமாலயனின் கை தன்னையறியாமல் கேமரா பக்கம் நீண்டது. அவர் அதை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை!"

"நூரா." கைதட்டல். ஓட்டம்.

"இன்னொரு தடவை!"

ஒவ்வொரு தடவையும் பெயர் கொஞ்சம் தேய்ந்து வந்தது. அவர் மடியில் வைத்த கை நடுங்கியது. வாசலில் டிரைவர் ஹாரன் அடித்தான். நிஜாம் கதவருகே முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான்.

ஐந்தோ ஆறோ தடவைக்குப் பிறகு, உதடு மட்டும் அசைந்தது. பெயர் வரவில்லை. ஹசீனா கைகளைத் தட்டினாள்.

நூரா அடுக்களை வாசலிலிருந்து ஓடிவந்தாள்.

*

அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது. ஹசீனா வீடு திரும்பினாள். குரல் இல்லை. சில வாரங்கள் கழித்து, தாணுமாலயன் ஸ்டுடியோவுக்கு வந்தார். வாடகைப் பைகளைத் திருப்பிக் கொடுத்த பிறகு கேமரா என்ற பேச்சையே அவர் எடுத்ததில்லை.

"படம் எப்படி வந்திருக்கு அண்ணாச்சி?"

"பாதி நூராவோட முடிதான் தெரியுது. ஃபேன் சத்தம் இருக்கு. ரெண்டு இடத்துல ஃபோகஸ் போயிட்டு."

"அவங்க என்ன சொல்லுதாங்க?"

"நிஜாம் நேத்து வந்தான். வீட்டுல டி.வி.யில அதைப் போட்டா, பேர் கேட்டதும் பிள்ளை டி.வி. கிட்ட ஓடுதாம். கை தட்டினா உம்மாகிட்ட ஓடுதாம்."

பெனிட்டா அவருக்கு ஒரு டீ ஊற்றிக் கொடுத்தாள்.

"மாஸ்டர், ஒண்ணு சொல்லணும். ரெண்டாவது நாள் எனக்குக் கை நடுங்கிச்சு."

"எதுக்கு நடுங்கிச்சு?"

"அவ ஆசை தீரக் கூப்பிடுறதுக்கு முந்தி குரல் நின்னுருமோன்னு."

"கேமரா நின்னுருமோன்னு இல்லையா?"

அவர் யோசித்தார். "அதுவும் கொஞ்சம் இருந்துச்சு."

பெனிட்டா சிரித்துவிட்டாள். பிறகு சொன்னாள்.

"அந்த மூணாவதை வாங்குங்க. சூடாகாது. ரெண்டு கார்டு போடலாம், ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணுல இருக்கும். ஃபோட்டோவுக்கும் ஆச்சு, வீடியோவுக்கும் ஆச்சு. புதுசு வரட்டும், நீங்க அதுக்குக் காத்திருக்க வேண்டாம்."

தாணுமாலயன் அவளையே பார்த்தார். இவ்வளவு நாள் தேடிய பதில் ஒரு மூச்சில் முடிந்துவிட்டது.

"இதை அன்னைக்குக் காலையிலயே சொல்லியிருக்கலாமே மாஸ்டர்?"

"சொல்லியிருந்தா, எதுக்குக் கை நடுங்கிச்சுன்னு இன்னைக்கு நான் கேட்டதுக்கு அந்தக் கேமராவைப் பத்தித்தானே சொல்லியிருப்பீங்க."