ஏட்டு சங்கிலிமுத்து உயிர் காத்த கதை

கூமாச்சிப்பட்டிப் பக்கம் திருடர்கள் தலைகாட்டுவதில்லை. பிடிபட்டால் போலீசுக்கு ஸ்டேஷன் வழியையும் அவர்களேதான் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்த ஸ்டேஷன் ஏட்டு சங்கிலிமுத்துவுக்கு நெடுநாள் ஏக்கம் ஒன்று. ஓர் உயிரையாவது காப்பாற்றிவிட வேண்டும். அதனால், முதலுதவிப் பயிற்சி தர டாக்டர் ஜெசிந்தா வந்த அன்று மீசையை முறுக்கிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார்.

"கூட்டத்தை விலக்குங்க. தோளைத் தட்டிப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க. பேச்சும் இல்ல, மூச்சும் இல்லன்னா நெஞ்சை அமுக்குங்க, வாயில ஊதுங்க. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க" என்று சொல்லி, டாக்டர் ஒரு அரை பொம்மையைக் கிடத்தினார்.

ஏட்டு அதன் தோளைத் தட்டினார். "உன் பேரு என்ன?"



"முதல் தடவையே யாரு உண்மையச் சொல்லுவா, ஏட்டய்யா?" என்றார் கான்ஸ்டபிள் பிச்சாண்டி.

கான்ஸ்டபிள் இருளப்பன் குனிந்து பார்த்துத் திடுக்கிட்டார். "இடுப்புக்குக் கீழ காணோம். இது தனி கேஸு!"

மதியம்வரை மூவரும் காலைத் தேடினார்கள். டாக்டர் தலையில் கையை வைத்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

மறுநாள் சந்தையில் பூசணிக்காய் வியாபாரி ஒருவர் வெயில் தாங்காமல் சுருண்டு விழுந்தார். ஏட்டு மீசையை முறுக்கினார். இதோ, உயிர்! ஆம்புலன்சுக்குப் போன் போட்டுவிட்டு ஓடினார்.

"கூட்டத்தை விலக்கு!"

பிச்சாண்டி எல்லாரையும் விலக்கினார். கீழே கிடந்தவரையும் இழுத்துக்கொண்டு போய் நாலு கடை தள்ளி விட்டார்.

பேர்? யாருக்கும் தெரியவில்லை. ஏட்டு தோளைத் தட்டி, "தங்கவேலு! சூசை! காதர்!" என்று கூப்பிட்டார். கூட்டத்திலிருந்து மூன்று பேர், "என்னங்கய்யா?" என்று வந்து நின்றார்கள்.

அதற்குள் கீரைக்காரம்மா ஒரு செம்பு தண்ணீரை முகத்தில் அடிக்க, வியாபாரி கண் விழித்தார்.

"மூச்சு இருக்கா?" என்றார் ஏட்டு.

"இருக்குங்கய்யா."

பிச்சாண்டி ஏட்டின் காதருகே வந்தார். "தனக்குச் சாதகமா யாருதான் சொல்ல மாட்டாங்க? சாட்சி வேணும்."

"மூச்சுக்கு ஏது சாட்சி?" என்றார் இருளப்பன்.

"அப்ப செல்லாது. அமுக்கு!" என்றார் ஏட்டு.

வியாபாரி எழுந்து ஓட்டம் பிடித்தார். "நிறுத்தக் கூடாதாம்யா! படுய்யா!" என்று மூவரும் சந்தையை மூன்று சுற்று துரத்தினார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. வியாபாரி தானே ஏறிக் கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டுக்கொண்டார்.

டிரைவர் சாவியைத் திருகினார். சத்தமே இல்லை. "வண்டி செத்துப்போச்சு சார்."

ஏட்டு தொப்பியைக் கழற்றினார். பிச்சாண்டி பானெட்டை அமுக்க ஆரம்பித்தார். வண்டியின் வாயில் ஊதுவதில்தான் தகராறு.

"வாய் முன்பக்கம்தானே இருக்கும்?" என்றார் இருளப்பன்.

"புகை எந்தப் பக்கம் வருதோ, அதான்யா வாய். பீடி குடிச்சதில்லையா நீ?" என்றார் பிச்சாண்டி.

அது நியாயமாகவே பட்டது. ஏட்டு பின்னால் போய் மண்டியிட்டு, புகைக்குழாயில் வாயை வைத்துக் கண்ணை மூடி ஊதினார். டிரைவர் இன்னொரு தரம் சாவியைத் திருக, வண்டி 'டர்ர்ர்' என்று உயிர்த்து, ஏட்டின் முகத்தில் கரியைத் துப்பிவிட்டுப் பறந்தது.

கரி படிந்த முகத்தில் பல் மட்டும் தெரிய, கண் கலங்கி நின்றார் சங்கிலிமுத்து.

"பொழச்சிருச்சுடா!" என்றார். "பேரைத்தான் கேக்காம விட்டுட்டோம்."